மங்கலதேவி மலை இறங்கிய மூன்றாம் நாள் தொடை பிடித்துக்கொண்டது, என்ன செய்யலாம்?

கூடலூர்_1500 · புதன், காலை 6:50

எல்லாருக்கும் வணக்கம். திங்கட்கிழமை சித்ரா பௌர்ணமிக்கு பளியன்குடி வழியாக நடந்தே கண்ணகி கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். ஏறும்போது மூச்சு வாங்கியது, சட்டையெல்லாம் நனைந்துவிட்டது, ஆனால் காலில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது இருட்டுவதற்குள் இறங்க வேண்டுமே என்று கூட்டாளிகளோடு சேர்ந்து ஓட்டமும் குதியுமாகவே இறங்கினேன். அன்று ராத்திரி நல்ல தூக்கம். நேற்று காலை முட்டிக்கு மேலே தொடையில் லேசாக ஒரு இறுக்கம், அவ்வளவுதான். இன்று எழுந்தால் கக்கூஸில் உட்கார முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்து எழுந்தேன். மாடிப்படி ஏறுவது பரவாயில்லை, இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக வைத்தால்தான் முடிகிறது.

அம்மா வெந்நீர் ஊற்று என்கிறார். கூடப் படித்தவன் ஐஸ் வை என்கிறான். மெடிக்கலில் கேட்டால் ஒரு மாத்திரையை நீட்டுகிறார்கள். எனக்கு இன்னும் நாலு வாரத்தில் காவலர் தேர்வுக்கான உடல்தகுதி இருக்கிறது, 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். சதை கிழிந்துவிட்டதா, ஓடுவதை நிறுத்த வேண்டுமா என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெட்டு_ஜீப் · புதன், காலை 7:20

தம்பி, பயப்படாதே. நான் இருபது வருடமாகக் கம்பம்மெட்டு ரோட்டில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி இறக்குகிறேன். ஏறும்போது வண்டியில் எஞ்சினுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்குக்கு வேலை. கீழே வந்து வீலைத் தொட்டுப் பார்த்தால் சுடும். உன் தொடைதான் உனக்கு பிரேக். அதை அன்றைக்குத் தேய்த்துவிட்டாய். நாலு நாளில் சரியாகிவிடும்.

கம்பம்_கிரவுண்ட் · புதன், காலை 8:05

இது லாக்டிக் ஆசிட். ஓடும்போது சதையில் ஒரு அமிலம் சேரும், அது வெளியேறாமல் தங்கிவிட்டால் இப்படித்தான் வலிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பி.இ.டி. சார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இன்றைக்கே மெதுவாக நாலு ரவுண்டு ஓடி, நன்றாக ஸ்ட்ரெச்சிங் செய்தால் அமிலம் கரைந்துவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

குமுளி_பிசியோ · புதன், மதியம் 1:40

கம்பத்தில் பிறந்து, இப்போது குமுளிப் பக்கம் பிசியோதெரபி வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் சித்ரா பௌர்ணமி முடிந்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் இதே கேள்வியோடு நாலைந்து பேராவது வருவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் லாக்டிக் ஆசிட் விஷயம். அண்ணே, உங்கள் சாரைக் குறை சொல்லவில்லை, ரொம்ப நாள் எல்லாருமே அப்படித்தான் நம்பினார்கள், பாடப் புத்தகத்திலும் இருந்தது. ஆனால் வேகமாக ஓடியபின் ரத்தத்தில் ஏறும் லாக்டேட், ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்திற்குள் ஏறத்தாழ பழைய அளவுக்கு வந்துவிடும். திங்கட்கிழமை மாலை சேர்ந்தது புதன்கிழமை வரை காத்திருந்து வலிப்பதில்லை. 1983இல் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். ஒரே ஆட்களைச் சமதளத்தில் ஒரு தடவையும் சரிவில் இறக்கமாக ஒரு தடவையும் ஓடவிட்டார்கள். சமதளத்தில் ஓடியபோது லாக்டேட் ஏறியது, ஆனால் பின்னால் வலி வரவில்லை. இறக்கத்தில் ஓடியபோது லாக்டேட் ஏறவில்லை, வலி மட்டும் வந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1902இல், தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் விரலுக்கு வேலை கொடுத்து அளந்து பார்த்துவிட்டு, மறுநாள் வரும் வலிக்குக் களைப்பு காரணமில்லை, சதைக்குள்ளேயே நுண்ணிய கிழிசல் ஏற்படுகிறது என்று எழுதினார். பெரும்பாலும் அவர் சொன்னபடிதான் இன்றைக்கும் விளக்குகிறார்கள்.

மெட்டு ஜீப் அண்ணன் சொன்னதே சரியான விளக்கம். ஏறும்போது தொடைச்சதை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது முட்டி மடங்க மடங்க அதே சதை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. நீளும்போதே இழுத்துப் பிடிக்கிற இந்த வேலைதான் சதை நாரைச் சிதைப்பது. உள்ளே சர்க்கோமியர் என்று அடுக்கடுக்காக இருக்கும் சின்னச் சின்ன அலகுகளில் சில அளவுக்கு மீறி இழுபட்டுக் குலைந்துபோகின்றன, பிறகு அங்கே வீக்கமும் பழுதுபார்க்கிற வேலையும் தொடங்குகின்றன, நரம்பு முனைகள் லேசாகத் தொட்டாலே சுருக்கென்று சொல்கிற நிலைக்கு வருகின்றன. இதற்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஐந்தாறு நாளில் அடங்குகிறது. எங்கள் தொழிலில் இதை டாம்ஸ் என்போம்.

தம்பி, இரண்டு காலிலும் ஒரே மாதிரி, தொடை முழுக்கப் பரவலாக, அசைத்தால் அதிகமாகவும் சும்மா இருந்தால் குறைவாகவும் வலித்தால் இதுதான். ஓடும்போதே ஒரு காலில் பட்டென்று ஏதோ அறுந்த மாதிரி இருந்து, ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டும்படி வலித்து, தோல் கன்றிப்போயிருந்தால் அது வேறு, அதை நேரில் காட்ட வேண்டும். உனக்கு எப்படி?

கூடலூர்_1500 · புதன், மாலை 5:30

இரண்டு தொடையும் ஒரே மாதிரிதான் அண்ணே. கன்றல் எதுவும் இல்லை. கையால் அழுத்தினால் உயிர் போகிறது, காலை நீட்டிப் படுத்திருந்தால் ஒன்றுமில்லை. அப்படியானால் என்ன செய்தால் சீக்கிரம் போகும்?

ஏலக்காட்டு_அக்கா · புதன், இரவு 8:45

நான் சொல்லலாமா. பதினாறு வயதிலிருந்து மெட்டு ஏறி மலைக்கு வேலைக்குப் போகிறேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது, தூரிலிருந்து தரையோடு படர்ந்து வருகிற சரத்தில்தான் காய் இருக்கும். அதனால் ஒவ்வொரு தூருக்கும் குத்துக்கால் போட்டு உட்கார வேண்டும், பழுத்த காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும், எழுந்து அடுத்த தூருக்குப் போய் மறுபடி உட்கார வேண்டும். சாயங்காலம் வரை இதே வேலை. நிலமும் சரிவு. புதிதாக வருகிற பிள்ளைகள் முதல் நாள் நன்றாக எடுப்பார்கள். மூன்றாம் நாள் ஜீப்பிலிருந்து இறங்கவே மாட்டார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். என் மகள் படிப்பு முடித்து ஒரு சீசன் வந்தபோது அழுதேவிட்டாள்.

எங்கள் பழக்கம் என்னவென்றால், புதிதாக வந்த பிள்ளையை இரண்டாம் நாள் வீட்டில் நிறுத்த மாட்டோம். நிறுத்தினால் திரும்பி வந்ததும் மறுபடி அதே வலிதான் என்பார்கள் பெரியவர்கள். அரை நாள் வேலை, காய் எடுக்காமல் சும்மா கூடை தூக்கிக் கொடுக்கிற வேலை, அப்படி ஏதாவது கொடுப்போம். ஒரு வாரம் போனால் வலி இருந்த இடமே தெரியாது. அப்புறம் அந்த சீசன் முழுக்க வராது. அடுத்த சீசன் தொடங்கும்போது எனக்கே இரண்டு நாள் இருக்கும், ஆனால் முதல் வருடம் மாதிரி இல்லை.

குமுளி_பிசியோ · புதன், இரவு 10:10

அக்கா சொன்னதுதான் இந்த முழு விஷயத்திலும் முக்கியமானது, நான் இதற்கு மேல் எழுதப் போகிற எல்லாவற்றையும்விட. வலியை ஒரு தடவை அனுபவித்த சதை, அதே வேலையை அடுத்த சில வாரங்களுக்குள் மறுபடி செய்தால் பாதிகூட வலிக்காது. இதைத் திரும்பத் திரும்ப நிரூபித்திருக்கிறார்கள். பாதுகாப்பு பல வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட இருக்கும். இன்னொரு நல்ல செய்தி, இந்தப் பாதுகாப்பு கிடைக்க முதல் தடவை உயிர் போகிற அளவுக்குச் செய்ய வேண்டும் என்பதில்லை. கொஞ்சமாக, லேசாகச் செய்தாலே போதும். சித்ரா பௌர்ணமிக்கு இரண்டு வாரம் முன்னால் வீட்டு மாடிப்படியில் ஒரு நாலு நாள் பத்துப் பதினைந்து தடவை நிதானமாக இறங்கியிருந்தால், தம்பி இன்றைக்கு இதை எழுதியிருக்கவே வேண்டியதில்லை. வருபவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறேன், ஆனால் யாரும் மலைக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் வருவதில்லை.

வந்த வலிக்கு என்ன என்று கேட்டாய். ஒரேயடியாகப் போக்குவது எதுவும் கிடையாது. ஆனால் தாங்கும்படி ஆக்க வழி இருக்கிறது.

சும்மா படுத்துக்கிடக்காதே. சமதளத்தில் இருபது நிமிடம் மெதுவாக நட, சைக்கிள் இருந்தால் பாரம் இல்லாமல் மிதி. நடக்கிற நேரமும் அதற்குப் பிறகு கொஞ்ச நேரமும் வலி குறையும், பிறகு திரும்பி வரும், அதனால் தப்பில்லை. ஆனால் இந்த நாலு நாளில் வேகமாக ஓடாதே, இறக்கத்தில் ஓடவே ஓடாதே, இப்போது தொடையில் பலமும் குறைவாக இருக்கும், தடுக்கி விழுவாய்.

நீவி விடுவது நல்லது. 2018இல் 99 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், இந்த வலிக்கும் அலுப்புக்கும் அதிகமாகக் கேட்பது மசாஜ்தான் என்றார்கள். கெண்டைக்காலிலிருந்து மேலே இடுப்பை நோக்கி, உள்ளங்கையால், தாங்குகிற அழுத்தத்தில் பத்துப் பதினைந்து நிமிடம். கட்டைவிரலால் குத்தி உடைக்கிற மாதிரி அழுத்துவது வேண்டாம், ஏற்கெனவே சிதைந்த இடம் அது.

ஸ்ட்ரெச்சிங் பற்றி கம்பம் கிரவுண்ட் அண்ணன் சொன்னார். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 2011இல் 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஓடுவதற்கு முன்னும் பின்னும் சேர்த்துச் செய்தாலும், 100 மதிப்பெண் வலியில் 4 மதிப்பெண் அளவுக்குத்தான் குறைந்தது. உடம்பு வளைய வேண்டும் என்றால் செய்யுங்கள், அதை நம்பி மலை இறங்காதீர்கள்.

முறிவெண்ணெய் · வியாழன், காலை 6:15

நான் இடுக்கிப் பக்கம், எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து அடிபட்டால் முறிவெண்ணெய், உடம்பு வலிக்கு தன்வந்தரம் குழம்பு. லேசாகச் சூடாக்கித் தடவி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளித்தால் அன்றைக்கே பாதி வலி போய்விடும். ஐஸ் வைத்தால் சதை மரத்துப்போகும், குளிர் உள்ளே இறங்கிவிடும் என்று பாட்டி விடவே மாட்டார். பிசியோ அண்ணன் இதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

குமுளி_பிசியோ · வியாழன், மதியம் 2:00

சேச்சி, நானும் வீட்டில் தன்வந்தரம்தான் வைத்திருக்கிறேன். சூடு தசையை இளக்கும், தடவுகிற கை நீவிவிடும், வெந்நீர்க் குளியல் ராத்திரி தூக்கத்தைக் கொடுக்கும், இந்த மூன்றுமே வலி தாங்க உதவுகிறவை. எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு நேரம் நீவினார்கள் என்பதைத்தான் நான் கேட்பேன். நல்லெண்ணெய் மட்டும் இருந்தாலும் போதும்.

ஐஸுக்கும் ஆதாரம் இருக்கிறது. 10 முதல் 15 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் இடுப்பளவு 10 முதல் 15 நிமிடம் உட்கார்ந்தால், சும்மா இருந்தவர்களைவிட அடுத்த சில நாட்களுக்கு வலி குறைவு என்று 2012இல் 17 சிறிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் வந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை. சதை பலமாக வேண்டும் என்று பளு தூக்குகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் முடித்தவுடனே ஐஸ் தண்ணீரில் இறங்கினால், சதை வளர்வது குறைகிறது என்று 2015இல் கண்டிருக்கிறார்கள். நாளைக்கே மறுபடி ஓட வேண்டிய போட்டி இருந்தால் குளிர்ந்த தண்ணீர், மாதக்கணக்கில் பயிற்சி செய்கிறவனுக்கு அது தினமும் வேண்டாம். சுருளி அருவியில் போய் நின்றாலும் நல்லதுதான், வெள்ளம் வரும்போது வனத்துறை குளிக்க விடமாட்டார்கள், அன்றைக்குப் போய் மல்லுக்கட்டாதீர்கள்.

பந்தல்_திராட்சை · வியாழன், இரவு 9:20

எங்களுக்குக் காலில் இல்லை, தோளில்தான். கவாத்து சமயத்தில் நாள் முழுக்க தலைக்கு மேலே கை தூக்கிப் பன்னீர் திராட்சைப் பந்தலில் வெட்டுவோம், இரண்டாம் நாள் தலை வாரக்கூடக் கை எழாது. அக்கா சொன்ன அதே கதைதான், மூன்றாம் வாரம் தெரியாது.

நான் எழுத வந்தது வேறு. என் தங்கை மாப்பிள்ளை போன வருடம் புதிதாக ஜிம்மில் சேர்ந்தார். முதல் நாளே அங்கிருந்தவர் சும்மா உட்கார்ந்து எழச் சொல்லி இருநூறு தடவைக்கு மேல் செய்ய வைத்திருக்கிறார். நிறுத்தலாமா என்று கேட்டதற்கு வலித்தால்தான் சதை ஏறும் என்றாராம். மூன்றாம் நாள் தொடை இரண்டும் மரக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. அதைவிட, மூத்திரம் கட்டன் சாயா (பால் ஊற்றாத டீ) நிறத்தில் போனது. சூடு என்று நினைத்து இளநீர் குடித்துவிட்டு வீட்டிலேயே ஒரு நாள் படுத்திருந்தார். கடைசியில் தங்கை பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தத்தில் ஏதோ ஒன்று ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது, ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கிட்னி போயிருக்கும் என்றார் டாக்டர். தம்பி, உனக்கு மூத்திரம் என்ன நிறத்தில் போகிறது என்று பார்த்தாயா?

கூடலூர்_1500 · வியாழன், இரவு 9:50

படித்ததும் போய்ப் பார்த்தேன் அண்ணே. சாதாரண மஞ்சள்தான். வீக்கமும் இல்லை. இன்றைக்கு நேற்றைவிடக் கொஞ்சம் பரவாயில்லை.

குமுளி_பிசியோ · வியாழன், இரவு 11:00

பந்தல் அண்ணே, இதை எழுதியதற்கு நன்றி. அது ராப்டோமயோலிசிஸ். சதை அளவுக்கு மீறிச் சிதைந்து, உள்ளே இருக்கிற மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரத்தத்தில் ஏறியது சிகே என்ற நொதி. மூத்திரம் கட்டன் சாயா நிறம், சதை கல்லாக வீங்குவது, கை கால் தூக்கவே முடியாமல் துவண்டு போவது, இதில் ஒன்று இருந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

இதனால்தான் மெடிக்கலில் நீட்டுகிற மாத்திரைக்கும் பயப்படுகிறேன். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் வலியைக் குறைக்கும், ஆனால் வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இறங்கி வந்தவன் வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றுக்கும் கெடுதல், சிறுநீரகத்துக்கும் கெடுதல். தாங்கவே முடியவில்லை என்றால் பாராசிட்டமால் போதும், அதுவும் அட்டையில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாமல்.

மலை_நர்ஸ் · வெள்ளி, காலை 5:40

நைட் டூட்டி முடிந்து படிக்கிறேன், ஒன்று சேர்க்க வேண்டும். மழைக்காலம் தொடங்கினால் எங்கள் பக்கம் எலிக்காய்ச்சல் வரும், மலையாளத்தில் எலிப்பனி. அதற்கும் கெண்டைக்கால் வலிதான் அடையாளம், தொட்டாலே கத்துவார்கள். தோட்டத்தில் ஈரத்தில் நின்று வேலை செய்கிறவர்கள், வேலை அலுப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு மூன்று நாள் கழித்து, கண் சிவந்து மஞ்சளோடு வருகிறார்கள். உடற்பயிற்சி வலியில் காய்ச்சல் வராது. கால் வலியோடு காய்ச்சல் இருந்தால் அது அலுப்பில்லை, அன்றைக்கே போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காலில் புண்ணோடு சகதியில் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒரு தடவை போட டாக்சிசைக்ளின் மாத்திரை சுகாதார நிலையத்திலேயே கொடுப்பார்கள். ஏலக்காட்டு அக்கா, உங்கள் ஜீப்பில் வருகிற பெண்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஏலக்காட்டு_அக்கா · வெள்ளி, இரவு 8:10

சொல்லிவிட்டேன் தங்கச்சி. இரண்டு பேர் காலில் சேற்றுப்புண் இருக்கிறது, திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன்.

கம்பம்_கிரவுண்ட் · சனி, காலை 7:00

லாக்டிக் ஆசிட் பற்றி நான் எழுதியது தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருடம் பையன்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்று காலை கிரவுண்டில் மாற்றிச் சொன்னேன். சாப்பாடு பற்றி யாரும் எழுதவில்லையே?

குமுளி_பிசியோ · சனி, மதியம் 12:30

அண்ணே, மாற்றிச் சொன்னது பெரிய விஷயம்.

சாப்பாடு வந்த வலியை உடனே குறைக்காது, ஆனால் பழுதுபார்க்க சாமான் வேண்டுமே. பயிற்சி செய்கிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் பயன்படுகிறது. தம்பி 60 கிலோ என்றால் நாளைக்கு 95 கிராம் போல. ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைக்காத கொண்டைக்கடலை 100 கிராமில் 20 கிராம் அளவு. சோற்றையும் ரசத்தையும் மட்டும் சாப்பிட்டால் பாதிகூட வராது. டப்பாவில் விற்கிற பவுடர் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. அப்புறம் தூக்கம். ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்குக் கிரவுண்டுக்கு வருகிற பையன்களுக்கு எந்த எண்ணெயும் கேட்காது.

ஓட்டத்துக்கு என் யோசனை இது. திங்கள் முதல் சமதளத்தில் பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் மட்டும் ஓடு. அடுத்த வாரம் வாரத்துக்கு இரண்டு நாள், 300 மீட்டரை நல்ல வேகத்தில் ஐந்து தடவை, நடுவில் நடை. 7 நிமிடத்தில் 1500 என்றால் 300 மீட்டருக்கு 84 விநாடி, அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள். தேர்வுக்குக் கடைசி நாலைந்து நாளில் புதிதாக எதையும் செய்யாதே, புதுப் பயிற்சியும் வேண்டாம், மலையும் வேண்டாம்.

கூடலூர்_1500 · பதினைந்து நாள் கழித்து, ஞாயிறு, இரவு 7:30

பழைய இழையை மேலே கொண்டு வருகிறேன், மன்னிக்கவும். வலி அந்த சனிக்கிழமையே ஏறத்தாழ போய்விட்டது. அம்மா தினமும் ராத்திரி நல்லெண்ணெய் காய்ச்சித் தொடையில் நீவி விட்டார், காலையில் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தேன், மாத்திரை போடவில்லை. திங்கள் முதல் ஓடுகிறேன். நேற்று 1500 மீட்டர் 6 நிமிடம் 41 விநாடி.

அக்கா சொன்னது உண்மைதானா என்று பார்க்க வேண்டும் என்று மனதில் இருந்தது. போன ஞாயிறு பஸ்ஸில் மேலே போய், கம்பம்மெட்டு ரோட்டில் ஒரு ஐந்து கிலோமீட்டர், ரோட்டோரமாக, குதிக்காமல், சின்னச் சின்ன அடியாக வைத்து இறங்கினேன். செவ்வாய்க்கிழமை காத்திருந்தேன், வலி வரவே இல்லை. தொடையை அழுத்திப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் தெரிந்தது, மாடிப்படியில் நேராகவே இறங்கினேன்.

கூடவே கோயிலுக்கு வந்த கூட்டாளி இரண்டு பேரும் தேர்வுக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் 300 மீட்டர் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மெட்டு_ஜீப் · ஞாயிறு, இரவு 8:00

அந்த ரோட்டில் நடக்கிறதாக இருந்தால் காலை ஆறிலிருந்து எட்டு வரை வேண்டாம் தம்பி, அந்த நேரத்தில் எங்கள் வண்டி எல்லாம் வரிசையாக மேலே ஏறும். வளைவில் உள்பக்கமாக நடக்காதே. ஓட்டத்தில் ஜெயித்துவிட்டு வா.